சின்கோனா மலையும் இதயத் துடிப்பு மருந்துகளும்

ஆனைமலைத் தொடரில், கோயம்புத்தூர் மாவட்டத்து வால்பாறைக்கு அருகில், சின்கோனா என்னும் பெயருடைய குடியிருப்பு ஒன்று உள்ளது. அதன் ஒரு புறத்தே பாலக்காடு மாவட்டத்தின் பரம்பிக்குளம் காடுகள். தெற்கே இடுக்கி மாவட்டத்தின் இடமலைக்குடியும் மூணாறு மலைகளும். ஊருக்குப் பெயர் தந்த மரத்தை இன்று அங்கே தேடித்தான் காண வேண்டும். அரசினர் ஒரு காலத்தில் கொயினா மருந்துக்காக வளர்த்த சின்கோனா மரங்களின் இடத்தில் தேயிலைச் செடிகள் வந்தன. காய்ச்சலுக்காக வளர்க்கப்பட்ட அம்மரத்தின் பட்டையிலேயே, இதயத் துடிப்பின் ஒழுங்கின்மையைச் சீர்செய்யும் குவினிடின் என்ற மருந்தும் இருந்தது என்பதைப் பலர் அறியார். அம்மருந்து இன்று உலகின் பெரும்பாலான நாடுகளில் எளிதிற் கிடைப்பதில்லை. அது பயனற்றது என்று எவரும் நிரூபித்ததால் நேர்ந்ததன்று இது. அதை உற்பத்தி செய்வது இலாபமற்றதாயிற்று என்பதே முதன்மையான காரணம். மருத்துவம் பயிலும் மாணவர்க்கும், மருந்துக் கொள்முதலைக் கையாளும் அலுவலர்க்கும் இவ்வரலாறு ஒருசேரப் பயன்படக் கூடியது.

மரம் வந்த வரலாறு

சின்கோனா தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளுக்குரிய மரம். 1820இல் பிரெஞ்சு வேதியியலார் பெல்லெத்தியே, காவெந்து இருவரும் அதன் பட்டையிலிருந்து கொயினாவைப் பிரித்தெடுத்தனர். 1860இல் கிளமெண்ட்ஸ் மார்க்கம் என்பவரின் முயற்சியால் மரக்கன்றுகளும் விதைகளும் இந்தியாவுக்கு வந்தன. உதகமண்டலத்து அரசுத் தோட்டத்தின் பொறுப்பாளராக இருந்த வில்லியம் மெக்ஐவர் அவற்றைத் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் வளர்த்தார். நடுவட்டத் தோட்ட வேலையில் சீனக் கைதிகளும் ஈடுபடுத்தப்பட்டனர் என்பது இந்நாளைய வாசகர்க்கு வியப்பளிக்கலாம். பின்னர் அங்கேயே அரசினரின் கொயினா தொழிற்சாலையும் இயங்கியது. இருபதாம் நூற்றாண்டில் ஆனைமலைப் பகுதியிலும் அரசுத் தோட்டம் விரிந்தது. அந்நாளில் பாலக்காடு, சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. இன்றைய இடுக்கி மலைகள் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்குரியவை.

மூணாற்றுக் கண்ணன் தேவன் மலைகளிலும் தொடக்ககாலத் தோட்டக்காரர்கள் காப்பியோடு சின்கோனாவையும் பயிரிட்டுப் பார்த்தனர். அங்கே தேயிலை நிலைபெற்றது அதற்குப் பிறகுதான். சின்கோனா கைவிடப்பட்டதற்கு மண்ணோ மழையோ காரணமல்ல. காப்பிச் செடிகள் நோயால் அழிந்தபின் இலங்கைத் தோட்டக்காரர்கள் பெருமளவில் சின்கோனாவுக்கு மாறினர். 1886 அளவில் இலங்கையிலிருந்து மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 1.5 கோடி ராத்தல் பட்டை ஏற்றுமதியாயிற்று. விலை சரிந்தது, மரங்கள் வெட்டப்பட்டன. அதே காலத்தில் ஜாவாத் தீவில் டச்சுக்காரர்கள், சார்லஸ் லெட்ஜர் விற்ற விதைகளிலிருந்து, கொயினாச் சத்து மிகுந்த மரவகையை உருவாக்கி உலகச் சந்தையைத் தம் கைக்குள் கொண்டுவந்தனர். சந்தையை மட்டும் நம்பிய தனியார் தோட்டங்கள் மறைந்தன. நீலகிரியிலும் வங்காளத்து மங்பூவிலும் அரசினர் தோட்டங்கள் நின்றன. 1942இல் ஜாவா ஜப்பானியர் வசமானபோது, நட்டக் கணக்கில் எழுதப்பட்டு வந்த அத்தோட்டங்களின் மதிப்பு என்னவென்று எல்லோருக்கும் விளங்கியது.

வங்காளத்தில் 1892 முதல் அஞ்சலகங்கள் வழியே கொயினாப் பொட்டலங்கள் சில்லறைக் காசுக்கு விற்கப்பட்டதும் இங்கு நினைவுகூரத்தக்கது. மருந்து விளைவது ஒன்று, அது நோயாளியின் கைக்குப் போய்ச் சேர்வது வேறொன்று என்பதை அக்கால ஆட்சியாளர் ஓரளவு உணர்ந்திருந்தனர்.

காய்ச்சல் மருந்து இதய மருந்தானது

சின்கோனாப் பட்டையில் கொயினா மட்டுமன்றிக் குவினிடின், சின்கோனின், சின்கோனிடின் ஆகிய காரப்பொருள்களும் உள்ளன. குவினிடினுக்கும் கொயினாவுக்கும் அணுக்களின் வகையிலோ எண்ணிக்கையிலோ வேறுபாடில்லை; அவ்வணுக்கள் இடத்தில் அமைந்திருக்கும் முறையே வேறு. 1866இல் சென்னை மாகாணத்தில் அமைக்கப்பட்ட சின்கோனாக் குழு இந்நான்கு பொருள்களையும் மலேரியா நோயாளிகளிடம் ஒப்பிட்டுச் சோதித்தது. நான்குமே காய்ச்சலைத் தணித்தன. குவினிடின் கொயினாவுக்குச் சற்றும் குறைந்ததாக இல்லை. இதய மருந்தாகப் பெயர் பெறுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே குவினிடின் சென்னை மருத்துவர்களின் கையில் இருந்தது என்று இதனால் அறிகிறோம். நாடித் துடிப்பில் அது செய்யும் மாற்றத்தை அப்போது எவரும் தேடவில்லை.

தேட வைத்தவர் ஒரு நோயாளி. 1912இல் கீழை நாடுகளில் வாணிகம் செய்து வந்த டச்சுக்காரர் ஒருவர் பேராசிரியர் வெங்க்கபாக் என்பவரிடம் வந்தார். அவருடைய நாடி முற்றிலும் தாறுமாறாக அடித்தது. இதற்கு நிலையான மருந்து இல்லை என்று பேராசிரியர் கூறவே, தாம் விரும்பும்போது நாடியைச் சீராக்கிக்கொள்ள இயலும் என்றும், மறுநாட் காலை சீரான நாடியுடன் வருவதாகவும் அவர் உறுதி கூறினார். அவ்வாறே வந்தார். மலேரியா உள்ள நாட்டில் வாழ்ந்ததால் கொயினா உட்கொள்ளும் பழக்கம் அவருக்கு இருந்தது. ஒரு கிராம் கொயினா தம் படபடப்பை நிறுத்துவதை அவரே கண்டறிந்திருந்தார். வெங்க்கபாக் இதனை 1914இல் தம் நூலில் பதிவு செய்தார். 1918இல் மருத்துவர் வால்டர் ஃப்ரை, சின்கோனாவின் காரப்பொருள்களை ஒப்பிட்டு, இதயத்தைப் பொறுத்தவரை குவினிடினே ஆற்றல் மிக்கது என்று நிறுவினார்.

இதே மலைத்தொடரின் காடுகளில் விளையும் மற்றொரு மூலிகையும் இங்கு குறிப்பிடத்தக்கது. மலையாளத்தில் அமல்பொரி என்றும், பொதுவில் சர்ப்பகந்தா என்றும் வழங்கும் செடியின் வேரிலிருந்து 1931இல் சலீமுஸ்ஸமான் சித்திக்கி ஒரு காரப்பொருளைப் பிரித்து, ஹக்கீம் அஜ்மல் கான் நினைவாக அஜ்மாலின் என்று பெயரிட்டார். அச்செடி இரத்த அழுத்தத்துக்குப் பயன்படுவதை மேலைநாட்டு மருத்துவருக்கு 1949இல் எடுத்துக்காட்டியவர் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல். அஜ்மாலின் இன்று புருகாடா நோய்க்குறியைக் கண்டறியும் சோதனையில் உலகின் பல மருத்துவமனைகளில் பயன்படுகிறது. நோயைக் கண்டறிய உதவும் பொருளும், அந்நோய்க்கு உட்கொள்ளத் தகும் குவினிடினும் ஆகிய இரண்டுமே இம்மலைகளுக்குப் பழக்கமான செடிகொடிகளில் உள்ளன என்பது எண்ணத்தக்கது.

துடிப்பும் அதன் பிறழ்ச்சியும்

இதயத்தின் வலது மேலறையிலுள்ள சைனஸ் கணுவில் தோன்றும் மின்தூண்டல் மேலறைகளில் பரவி, நடுக்கணுவில் சற்றே தாமதித்துப் பின் கீழறைகளை அடைகிறது. ஓய்வு நிலையில் நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை இவ்வாறு நிகழ்வது இயல்பு. சோடியம், கால்சியம் ஆகிய மின்னணுக்கூறுகள் உயிரணுவுக்குள் புகுவதாலும் பொட்டாசியம் வெளியேறுவதாலும் இத்தூண்டல் உண்டாகி அடங்குகிறது. இவ்வழிகளில் ஏதேனும் ஒன்றைத் தடுப்பதே துடிப்பு மருந்துகளின் வேலை.

1970 முதல் வாகன் வில்லியம்ஸ், பிரம்மா சிங் ஆகியோரின் ஆய்வுகளை ஒட்டி இம்மருந்துகள் நான்கு வகைகளாகப் பகுக்கப்படுகின்றன. சோடியம் புகுவதைத் தடுக்கும் குவினிடின், லிக்னோகைன், ஃபிளெக்கனைட் போன்றவை முதல் வகை. அட்ரினலினின் தாக்கத்தைக் குறைக்கும் புரொப்ரனலால், மெட்டோபிரலால் போன்றவை இரண்டாம் வகை. பொட்டாசியம் வெளியேறுவதைத் தாமதப்படுத்தும் அமியோடரோன், சோட்டலால் மூன்றாம் வகை. கால்சியம் வழியைத் தடுக்கும் வெரப்பமில், டில்டியாசெம் நான்காம் வகை. டிஜாக்சினும் அடினோசினும் இப்பகுப்பில் அடங்கா. உண்மையில் பல மருந்துகள் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளில் செயற்படுகின்றன. அமியோடரோன் நான்கு வகைப் பண்பும் உடையது. மாணவர்கள் இப்பகுப்பை நினைவுக்கு உதவும் சட்டகமாகக் கொள்வதே நலம்.

இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் உண்டு. அடினோசின் இரத்தத்தில் பத்து வினாடிகூட நிலைப்பதில்லை. ஆயினும் நடுக்கணுவைக் கணநேரம் நிறுத்தி, மேலறை சார்ந்த திடீர் விரைதுடிப்பை அடக்கிவிடும். டிஜாக்சின், 1785இல் வில்லியம் வித்தரிங் விளக்கிய டிஜிட்டாலிஸ் செடியின் வழிவந்தது. பயன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறுகியது. நெடுங்காலம் டிஜாக்சினும் குவினிடினும் ஒரே நோயாளிக்குச் சேர்த்துக் கொடுக்கப்பட்டன. குவினிடின் சேரும்போது இரத்தத்தில் டிஜாக்சின் அளவு ஏறத்தாழ இரு மடங்காகிறது என்பது 1978இல்தான் வெளிப்பட்டது. அமியோடரோன் மிக ஆற்றல் வாய்ந்தது. ஆனால் 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் 75 மில்லிகிராம் அயோடின் உள்ளது. தைராய்டு, நுரையீரல், கல்லீரல் ஆகியவற்றைக் காலமுறைப்படி சோதிக்காமல் அதனைத் தொடர்தல் தவறு. மருந்தை நிறுத்திய பின்னரும் வாரக்கணக்கில் அது உடலில் தங்கியிருக்கும்.

அடக்குவதும் காப்பதும் ஒன்றல்ல

மாரடைப்புக்குப் பின் கீழறையில் மிகுதியான துடிப்புகள் தோன்றுவோர் விரைவில் இறக்கிறார்கள் என்பது தெரிந்திருந்தது. ஆகவே அத்துடிப்புகளை அடக்கினால் உயிர் காக்கலாம் என்று மருத்துவ உலகம் கருதியது. இக்கருத்தைச் சோதிக்க அமெரிக்காவில் நடந்த பேராய்வின் ஒரு பகுதி 1989இல் இடையிலேயே நிறுத்தப்பட்டது. 1991இல் வெளியான முடிவின்படி, என்கைனைட் அல்லது ஃபிளெக்கனைட் பெற்ற 755 பேரில் 63 பேர் இறந்தனர். வெற்று மாத்திரை பெற்ற 743 பேரில் இறந்தோர் 26 பேர். மிகுதுடிப்புகள் அடங்கின, மரணம் பெருகியது.

குவினிடினுக்கும் இத்தகைய பழி உண்டு. அதை உட்கொள்வோர் சிலர் திடீரென மயங்கி விழுவதை 1964இல் செல்சர், ரே இருவரும் ஆராய்ந்து, கீழறையில் எழும் ஆபத்தான விரைதுடிப்பே காரணம் என்று காட்டினர். மேலறை நடுக்கத்துக்கு அது பயன்படுத்தப்பட்ட ஆறு ஆய்வுகளைத் தொகுத்து 1990இல் வெளிவந்த கணக்கு, ஓராண்டு முடிவில் குவினிடின் பெற்றவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் சீரான துடிப்புடன் இருந்ததையும், பெறாதவர்களில் கால்பங்கினரே அவ்வாறு இருந்ததையும் காட்டிற்று. ஆனால் இறப்பு 2.9 விழுக்காடு, மற்றத் தரப்பில் 0.8 விழுக்காடு. இதன்பின் மேலறை நடுக்கத்துக்குக் குவினிடினை எழுதும் வழக்கம் அருகியது. அது நியாயமே.

எனினும் கதை அங்கு முடியவில்லை. 1992இல் புருகாடா சகோதரர்கள் விவரித்த பரம்பரைத் துடிப்பு நோயில், வெளிப்பார்வைக்கு உடல்நலமுள்ள இளம் ஆடவர் பலரும் உறக்கத்தில் கீழறை நடுக்கத்தால் இறக்கின்றனர். உடலினுள் மின்னதிர்வுக் கருவியைப் பொருத்துவதே முதன்மைக் காப்பு. அக்கருவி பொருத்த இயலாதோருக்கும், பொருத்தியும் அடிக்கடி அதிர்வு பெறுவோருக்கும் குவினிடின் உதவுகிறது. பொட்டாசியம் ஓட்டத்தின் ஒரு குறிப்பிட்ட வகையை அது தடுப்பதே இதற்குக் காரணம். ஐரோப்பிய இதயநோய்ச் சங்கத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுநெறியும் இப்பயனை ஏற்கிறது. பலருக்குத் தீங்கெனத் தள்ளப்பட்ட மருந்து சிலருக்கு இன்றியமையாததாயிற்று. இச்சிலரின் எண்ணிக்கை சிறியது என்பதில்தான் பொருளாதாரச் சிக்கல் தொடங்குகிறது.

மலிவான மருந்து ஏன் மறைகிறது

131 நாடுகளின் மருத்துவர்களிடம் விசாரித்து 2013இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்றின்படி, குவினிடின் எளிதாகக் கிடைத்தது 19 நாடுகளில் மட்டுமே. 13 நாடுகளில் அரசு நடைமுறைகளைக் கடந்து 4 முதல் 90 நாள்களுக்குள் பெறலாம். 99 நாடுகளில் அதைப் பெற வழியே இல்லை. துடிப்பு நோயில் நான்கு நாள்கூட நீண்ட காலம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

காப்புரிமை முடிந்த பழைய மருந்தின் விலை குறைவு. அதைத் தயாரிக்கும் ஆலையின் நிலைச்செலவு, தரச்சோதனைச் செலவு, உரிமப் புதுப்பிப்புச் செலவு ஆகியவை விற்பனை குறைந்தாலும் குறைவதில்லை. பட்டையில் குவினிடின் சிறிதளவே இருப்பதால் பெரும்பகுதி கொயினாவிலிருந்தே மாற்றித் தயாரிக்கப்படுகிறது; மலேரியாவுக்கு வேறு மருந்துகள் வந்தபின் கொயினாவின் தேவையும் சுருங்கியது. நோயாளி எவ்வளவு விலையும் தர ஆயத்தமாக இருந்தாலும், நூறு பேருக்காக ஆலையை ஓட்ட எவரும் முன்வரார். தேவை உயிர் சார்ந்தது. சந்தையோ எண்ணிக்கை சார்ந்தது. இவ்விரண்டும் பொருந்தாத இடத்தில் விலை என்னும் கருவி வேலை செய்வதில்லை.

இந்தியாவில் அத்தியாவசிய மருந்துகளின் விலை, 2013ஆம் ஆண்டு மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணையின்கீழ் உச்சவரம்புக்கு உட்பட்டது. 2022ஆம் ஆண்டுப் பட்டியலில் துடிப்பு மருந்துகள் என்ற தலைப்பின்கீழ் அடினோசின், அமியோடரோன், எஸ்மலால், லிக்னோகைன், வெரப்பமில் ஆகியவை இடம்பெற்றன. குவினிடின் அதில் இல்லை. இது வெறும் பட்டியல் விவகாரமன்று. பட்டியலிலுள்ள மருந்தின் உற்பத்தியை நிறுத்த விரும்பும் நிறுவனம் ஆறு மாதங்களுக்கு முன்பே பொது அறிவிப்புத் தர வேண்டும். பொதுநலன் கருதி ஓராண்டு வரை உற்பத்தியைத் தொடருமாறு அரசு ஆணையிடலாம். பட்டியலுக்கு வெளியேயுள்ள மருந்து அறிவிப்பின்றியே மறைந்துவிடலாம்.

உச்சவரம்பு மட்டுமே போதாது என்பதற்கும் சான்று உண்டு. இதயம் அளவுக்கு மீறி மெதுவாகத் துடிக்கையில் அவசரமாகச் செலுத்தப்படும் அட்ரோப்பின் ஊசி மிக மலிவானது. 2024 அக்டோபரில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் எட்டு மருந்துகளின் உச்சவரம்பை 50 விழுக்காடு உயர்த்தியது; அவற்றுள் அட்ரோப்பினும் ஒன்று. மூலப்பொருள் விலையேற்றத்தால் உற்பத்தி கட்டுப்படியாகவில்லை என்பதே கூறப்பட்ட காரணம். விலையை உயர்த்துவது நோயாளிக்கு எதிரான செயல்போலத் தோன்றலாம். கிடைக்காத மருந்தின் குறைந்த விலையால் எவருக்கும் பயனில்லையாதலால், அம்முடிவு சரியானதே எனலாம்.

முடக்குக் காய்ச்சலால் இதய வால்வு கெட்டு, அதனால் மேலறை நடுக்கம் ஏற்படும் நிலையும் இதே பொருளாதாரத்தில் சிக்கியது. வளரும் நாடுகளில் இளம் வயதினர்க்கு வரும் மேலறை நடுக்கத்துக்கு இது ஒரு முக்கிய காரணம். மூன்று அல்லது நான்கு வாரத்துக்கொருமுறை பென்சாதின் பென்சிலின் ஊசி போட்டுவந்தால் காய்ச்சல் மீண்டும் வந்து வால்வைக் கெடுப்பது தடுக்கப்படும். அம்மலிவான ஊசிக்கு உலகளவில் தட்டுப்பாடு ஏற்படும் ஆபத்து மிகுதி என்று 2016இல் உலக நலவாழ்வுப் பேரவை ஏற்றுக்கொண்டது.

எல்லை மலைகளில்

மருந்து நாட்டில் கிடைப்பினும், பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளில் அது நோயாளியை எட்டுவது தனிப் பிரச்சினை. பரம்பிக்குளம் பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆயினும் அங்குச் செல்லும் சாலை தமிழ்நாட்டின் ஆனைமலை, சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகவே செல்கிறது. முதுவர் குடிகள் வாழும் இடமலைக்குடி 2010இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாக அமைந்தது. காட்டு வழியே நடந்தோ ஜீப்பிலோ சென்று அடைய வேண்டிய இடமாகவே அது நெடுங்காலம் இருந்தது. இடுக்கி மாவட்டத்துக்கு இருப்புப்பாதை இல்லை. மூணாற்றிலிருந்து எர்ணாகுளம் ஏறத்தாழ 130 கிலோமீட்டர். மறையூரார் உடுமலைப்பேட்டைக்கும், சாந்தன்பாறை, பூப்பாறைப் பகுதியினர் போடிக்கும், குமுளியார் கம்பத்துக்கும் இறங்குவது வழக்கம். வால்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்கு 64 கிலோமீட்டர். இடையே 40 கொண்டையூசி வளைவுகள்.

இம்மலைகளின் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைப்போரில் தமிழர் மிகுதி. பாலக்காட்டின் சித்தூர் வட்டத்திலும் தமிழ் பேசுவோர் கணிசமாக உள்ளனர். ஒருவர் ஒரு மாநிலத்தில் வேலை செய்து, மறு மாநிலத்தில் மருத்துவம் பெற்று, விடுமுறைக்கு மீண்டும் எல்லை கடப்பது இயல்பான நிகழ்ச்சி. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இலும், கேரள மருத்துவப் பணிகள் கழகம் 2007இலும் தோன்றின. மருந்துக் கொள்முதலில் இரண்டும் நற்பெயர் பெற்றவை. ஆனால் இரண்டுக்கும் தனித்தனிப் பட்டியல், தனித்தனி ஒப்பந்தப்புள்ளி. நோயாளியின் கையிலுள்ள சீட்டில் ஒரு வணிகப் பெயர், எல்லைக்கு அப்பாலுள்ள மருந்தகத்தில் வேறொரு பெயர். மற்ற நோய்களில் இது சிறு தொல்லை. துடிப்பு மருந்தில் டிஜாக்சினும் அமியோடரோனும் இருவேறு சீட்டுகளில் எழுதப்பட்டு ஒன்றுசேர்ந்தால், குவினிடினைப் போலவே அமியோடரோனும் டிஜாக்சின் அளவை உயர்த்தி நஞ்சாக்கிவிடும். சீட்டில் மருந்தின் பொதுப்பெயரை எழுதுவது இங்கே விதிமுறைக்காக மட்டுமன்று, பாதுகாப்புக்காகவும் தேவை.

மலைப்புறத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதற்கண் தேவைப்படுவது மருந்தன்று; இ.சி.ஜி. கருவியும், அதன் பதிவை நகரத்து மருத்துவருக்கு உடனே அனுப்பும் ஏற்பாடுமே. மேலறை சார்ந்த விரைதுடிப்புக்கு நற்பயன் தரும் வெரப்பமில், கீழறை சார்ந்த விரைதுடிப்பில் தவறாகச் செலுத்தப்பட்டால் நோயாளி அங்கேயே வீழ்வார். வரைபடம் பாராமல் ஊசியை எடுப்பது இருட்டில் மலைப்பாதையில் வண்டி ஓட்டுவது போன்றது. வரைபடம் மேலறைத் துடிப்பு எனக் காட்டுமாயின், மருந்துக்கு முன் செய்யத்தக்க எளிய முறையும் உண்டு. சாய்ந்து அமர்ந்த நோயாளியை 15 வினாடி மூச்சை அழுத்தி ஊதச் செய்து, உடனே படுக்கவைத்துக் கால்களை உயர்த்துவதே அது. 2015இல் இங்கிலாந்தில் நடந்த ஆய்வில் இம்முறையால் 43 விழுக்காட்டினர் சீரான துடிப்பை அடைந்தனர். வெறுமனே ஊதச் செய்த பழைய முறையில் 17 விழுக்காட்டினரே. இதற்கு ஆகும் செலவு ஏதுமில்லை. பயிற்சி மட்டுமே வேண்டும்.

மேலறை நடுக்கம் உள்ளவர்க்குப் பக்கவாதம் வராமல் தடுக்க இரத்தம் உறைவதைக் குறைக்கும் மருந்து வேண்டும். புதிய மருந்துகளுக்கு அடிக்கடி இரத்தச் சோதனை வேண்டாமையால், மலைவாழ் மக்களுக்கு அவையே ஏற்றவை என்று தோன்றும். ஆனால் முடக்குக் காய்ச்சலால் வால்வு கெட்டோரிடம், இந்தியா உள்ளிட்ட நாடுகளில் நடந்து 2022இல் வெளியான ஆய்வு, வார்ஃபரின் வகைப் பழைய மருந்தே மேலானது என்று காட்டியது. அப்படியானால் மாதந்தோறும் இரத்தம் சோதிக்கும் வசதி மலைக்கு வந்தாக வேண்டும்; ஒரு சோதனைக்காகத் தோட்டத் தொழிலாளி ஒரு நாட்கூலியை இழந்து மலையிறங்க வேண்டிய நிலை நீடித்தால், சோதனைதான் முதலில் கைவிடப்படும். 2014இல் பாலக்காட்டிலும் இடுக்கியின் பைனாவிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் தோன்றியது இத்திசையில் ஒரு முன்னேற்றம். ஒரு விரல்நுனித் துளி இரத்தத்தில் முடிவு தரும் சிறு கருவி தோட்ட மருத்துவமனைக்கோ துணை நிலையத்துக்கோ சென்றால், கல்லூரி இருக்குமிடம் எட்டத்தில் இருப்பது அவ்வளவாகத் தடையாகாது.

கொள்முதலுக்கு ஒரு வழி

அரிதாகத் தேவைப்படும் மருந்துக்கு ஒரு மாவட்டமோ ஒரு மாநிலமோ தனித்து ஒப்பந்தப்புள்ளி கோரினால் எவரும் விலை குறிப்பிட முன்வருவதில்லை. இப்போதைக்கு நோயாளிக்கு உள்ள வழி, 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின்கீழ் 12-ஏ படிவத்தில் விண்ணப்பித்து, 12-பி படிவத்தில் அனுமதி பெற்று, தம் சொந்தப் பயனுக்கு வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதே. வெளிநாடு சென்று வரும் பயணி தம் சொந்த உபயோகத்துக்கு ஒரு மருந்தை நூறு சராசரி வேளைகளுக்கு மிகாமல் கொண்டுவரவும் விதி இடமளிக்கிறது. நகரத்துப் படித்தவர்க்கு இவை வழிகள். தேவிகுளம் வட்டத்துத் தோட்ட லயத்தில் குடியிருப்பவர்க்கு அல்ல.

கூட்டுக் கொள்முதல் இதற்கு மாற்று. டாட்டா நினைவு மருத்துவமனையை மையமாகக் கொண்ட தேசியப் புற்றுநோய் வலையமைப்பு, 23 மருத்துவமனைகளின் தேவையை ஒன்றாகத் திரட்டி 40 மருந்துகளைப் பேசி வாங்கியது. அதனால் செலவில் 82 விழுக்காடு மிச்சமானது என்று 2023இல் வெளியான கணக்கு தெரிவிக்கிறது. அங்கே நோக்கம் விலைக்குறைப்பு. துடிப்பு மருந்துகளில் விலை பெரும் சுமையன்று. உற்பத்தியாளருக்கு உறுதியான ஆண்டுத் தேவையைக் காட்டுவதே நோக்கமாதல் வேண்டும். தமிழ்நாட்டுக் கழகமும் கேரளக் கழகமும் தங்கள் மருத்துவக் கல்லூரிகளின் இதயநோய்ப் பிரிவுகளிலிருந்து, புருகாடா போன்ற நோயுடையோரின் எண்ணிக்கையை ஆண்டுக்கொருமுறை பெற்று ஒரே கோரிக்கையாக இணைத்தால், மருந்து நிறுவனத்துக்குக் கணக்கு ஒன்று கிடைக்கும். 2019ஆம் ஆண்டுப் புதிய மருந்து விதிகள், நாட்டில் ஐந்து இலட்சம் பேருக்கு மிகாமல் உள்ள நோய்க்குரிய மருந்தை ஆதரவற்ற மருந்து என வரையறுத்துச் சில சலுகைகளை அளிக்கின்றன. அவ்வரையறை புதிய மருந்துகளை மனத்திற்கொண்டு எழுதப்பட்டது. நூறாண்டுப் பழைமையுள்ள குவினிடின் போன்றவை, ஆதரவற்றிருப்பினும், புதியவை அல்ல என்ற காரணத்தாலேயே அதன் பார்வையில் படுவதில்லை.

கையிருப்பும் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. திருவனந்தபுரத்துச் சித்திரைத் திருநாள் நிறுவனம் போன்ற உயர் மருத்துவ நிலையம் ஒன்றிலும், கோயம்புத்தூர், தேனி அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் சில நோயாளிகளின் ஒரு மாதத் தேவைக்குரிய மாத்திரைகள் சுழற்சி முறையில் வைக்கப்பட்டால், நெருக்கடி நேரத்தில் அடுத்த ஏற்பாடு வரும் வரை அவை போதும். காலாவதியாகும் மாத்திரைகளைத் தணிக்கைத் துறை வீண்செலவாகக் குறிக்கும் என்ற அச்சம் கொள்முதல் அலுவலரிடம் உண்டு. தீயணைப்பு வண்டி ஓராண்டு முழுவதும் வெளியே போகாவிடின் அதை வீண்செலவென்று எவரும் எழுதுவதில்லை. அவசரக் கையிருப்பு மருந்துக்குத் தனிக் கணக்குத் தலைப்பும், அதில் இவ்வளவு விழுக்காடு வரை காலாவதி ஏற்கத்தக்கது என்ற எழுத்துமூல ஆணையும் இருந்தால் அவ்வச்சம் நீங்கும். அத்தகைய ஆணையைப் பிறப்பிக்கப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. சுகாதாரத் துறையும் நிதித் துறையும் ஒரு கோப்பில் ஒத்துக் கையெழுத்திட்டாற் போதும்.